குற்றவியலா, தடய உளவியலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். அக்கா மகள் பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறாள். சிறைவாசிகளின் மனநிலையை ஆராய்ந்து, பிறகு பேராசிரியராக வேண்டுமாம். “போலீஸ் வேலையா?” என்று அப்பத்தா கேட்பது தனிக்கதை.

குற்றவியல் துறை சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் இருக்கிறது. அவள் கண்ணோ குஜராத் காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தடய உளவியல் (குற்ற விசாரணையிலும் வழக்குகளிலும் உளவியலைப் பயன்படுத்தும் துறை) முதுகலை மேல். ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் குற்றவியலும் உளவியலும் தனித்தனிப் பாடங்கள். தடய உளவியலுக்கென்று தனிப்பாடம் இல்லை. அங்கே படித்து உளவியலில் நெட் எழுதினால், இங்கே உதவிப் பேராசிரியர் பணிக்கு “தொடர்புடைய பாடம் இல்லை” என்று தள்ளிவிடுவார்களா? இல்லை, குற்றவியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்தில் உளவியல் பக்கம் போவது நல்லதா?

சிறைக்குள் ஆய்வு செய்ய அனுமதி வாங்கியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் என்றால் நேரிலேயே வந்து பார்க்கிறோம்.