விஎம் ஓடும்போது மட்டும் ஹைபர்னேட் ஆக மாட்டேங்குது, எர்ரர் -12

கேள்வி:
வணக்கம். லேப்டாப்ல உபுண்டு 22.04, ரேம் 8 ஜிபி, ஸ்வாப் (ரேம் பத்தாதப்ப உதவ டிஸ்க்ல ஒதுக்கின இடம்) தனி பார்ட்டிஷனா 8 ஜிபி. பிரவுசர், எடிட்டர் மட்டும் திறந்திருந்தா ஹைபர்னேட் (ரேம்ல இருக்கிறதை டிஸ்க்ல எழுதிட்டு முழுசா அணையறது) ஒழுங்கா ஆகுது, காலைல விட்ட இடத்துலேர்ந்து வேலையைத் தொடரலாம். ஆனா விர்ச்சுவல்பாக்ஸ்ல விஎம்மா (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) விண்டோஸ் ஓடிட்டு இருந்தா (4 ஜிபி குடுத்திருக்கேன், பில்லிங் சாஃப்ட்வேர் அதுலதான் இருக்கு) ஸ்கிரீன் கருப்பாகி கொஞ்ச நேரத்துல திரும்ப லாக் ஸ்கிரீனே வந்து நிக்குது. நேத்து கவனிக்காம பேக்ல வெச்சு கிளம்பிட்டேன், வீட்டுக்கு வந்து எடுத்தா ஆன்லயே இருந்து சூடு கையில வைக்க முடியல. டிமெஸ்க்ல (சிஸ்டம் லாக்) "நாட் இனஃப் ஃப்ரீ மெமரி", அதுக்கப்புறம் "எர்ரர் -12 கிரியேட்டிங் இமேஜ்"னு இருக்கு. ஸ்வாப்ல 6 ஜிபிக்கு மேல காலியாத்தான் கிடக்கு, அப்ப எதுதான் பத்தல?

பதில் 1:
ஸ்வாப்பை 16 ஜிபி ஆக்கிப் பாருங்க ப்ரோ. எனக்கு இன்ஸ்டால்ல தானா வந்த 2 ஜிபி ஸ்வாப் ஃபைல்தான் இருந்துச்சு, ஹைபர்னேட்டே ஆகல, பெருசாக்கினதும் சரியாயிடுச்சு.

பதில் 2:
உங்களுக்கு நடந்தது வேற, இவருக்கு நடக்கிறது வேற நண்பா. ஸ்வாப்ல இடம் பத்தலைன்னா -28 வரும், இல்லைன்னா சிஸ்டம்டியே (சர்வீஸ்களை நிர்வகிக்கிற புரோகிராம்) ஆரம்பத்துல மறுத்துடும். -12ன்னா ரேம்லயே இடம் இல்லைன்னு அர்த்தம், இதுக்கு ஸ்வாப்பை 64 ஜிபி ஆக்கினாலும் புண்ணியம் இல்ல.

கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) ரேமை நேரா டிஸ்க்குக்கு எழுதாது. எல்லாத்தையும் ஒரு நொடி நிறுத்தி, காப்பாத்த வேண்டிய மெமரி பக்கத்தையெல்லாம் ரேம்லயே காலியா இருக்கிற இடத்துல ஒரு காப்பி எடுத்துக்கும், அந்த காப்பியைத்தான் (இதுக்குப் பேருதான் இமேஜ்) அப்புறம் ஸ்வாப்ல எழுதும். அதனால காப்பாத்த வேண்டியது பாதி ரேமுக்கு மேல போனா காப்பிக்கு இடமே கிடைக்காது. சாதாரண புரோகிராம்னா மிச்சத்தை முன்னாடியே ஸ்வாப்புக்குத் தள்ளிட்டு இடம் பண்ணிக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்முக்கு எடுக்கிற மெமரி பூட்டி வெச்ச மாதிரி, அதை ஸ்வாப்புக்குத் தள்ளவே முடியாது. உங்க 8 ஜிபில கிராஃபிக்ஸ் எடுத்தது போக 7.6 வெச்சுக்கோங்க, பாதி 3.8. விஎம் ஒண்ணே 4. கணக்கு அங்கயே முடிஞ்சு போச்சு.

சரி பண்ணணும்னா விஎம்மை 2.5 ஜிபிக்குக் குறைங்க, இல்ல ஹைபர்னேட்டுக்கு முன்னாடி விஎம்மை சேவ் ஸ்டேட் (இருக்கிற நிலையை டிஸ்க்ல சேவ் பண்ணிட்டு மூடறது) பண்ணிடுங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், விண்டோஸ்ல திறந்தது திறந்தபடியே இருக்கும், அந்த 4 ஜிபியும் ரேமை விட்டுப் போயிடும்.

பதில் 3:
கூட ஒண்ணு, சிஸ் பவர் டைரக்டரில இமேஜ்_சைஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல 0 எழுதினா இமேஜை முடிஞ்ச அளவு சின்னதா எடுக்கப் பார்க்கும் (டிஃபால்ட்டா ரேம்ல ஐந்துல ரெண்டு பங்கு). கொஞ்சமா மட்டும் இடம் பத்தாத கேஸ்ல இது நல்லா உதவும், ஆனா கேஷையெல்லாம் தூக்கி வீசிடும், திரும்ப ஆன் ஆனதும் கொஞ்ச நேரம் எல்லாம் மெதுவா இருக்கும். ரீபூட் ஆனா பழைய மதிப்புக்கே போயிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறவங்க கவனிங்க, கார்டோட மெமரில இருக்கிறதும் அந்த நேரத்துல ரேமுக்குத்தான் வந்து இறங்கும். ஸ்வாப் இருக்குன்னு ஸிராமை (டேட்டாவைச் சுருக்கி வெக்கிற ஒரு வகை ஸ்வாப்) காட்டுறதும் செல்லாது, அதுவே ரேமுக்குள்ளதான இருக்கு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, மூணையும் ஒவ்வொண்ணா பண்ணிப் பார்த்தேன். இமேஜ்_சைஸ் 0 வெச்சும் 4 ஜிபி விஎம்மோட அதே -12. விஎம்மை 2.5 ஆக்கினதும் ஹைபர்னேட் ஆயிடுச்சு, ஆனா பில்லிங் சாஃப்ட்வேர் ரொம்ப தவழுது, அதனால திரும்ப 4க்கே வந்துட்டேன். இப்ப ரெண்டு வரி ஸ்கிரிப்ட் ஒண்ணு போட்டு கீபோர்டு ஷார்ட்கட்ல கட்டிட்டேன், முதல்ல விஎம் சேவ் ஸ்டேட், அது நல்லபடியா முடிஞ்சாதான் ஹைபர்னேட். நாலு தடவை பண்ணேன், நாலும் ஓகே. பேக்ல வைக்கிறதுக்கு முன்னாடி பவர் லைட் அணைஞ்சுதான்னு பார்க்கிற வழக்கத்தை மட்டும் விடப்போறதில்ல.