ஒரு நாளில் அந்த ஒரு மணி நேரம்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா:

2024 தீபாவளி ராத்திரி. பற்றாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்தான் என் தம்பி. பத்தாவது படிக்கிற பையன். அது அப்படியே முகத்தில் வெடித்தது. வலது கன்னம், காது, புருவம் எல்லாம் வெந்துவிட்டது. கண் தப்பியது தெய்வாதீனம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பதறி ஓடிவந்து இட்லி மாவை அள்ளி அப்பினார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் அந்த மாவைக் கழுவி எடுத்தபோது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். புண் ஆறியதும் இறுக்கமான துணி மாஸ்க் கொடுத்தார்கள். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் தழும்பு தடித்துப்போய்விடும் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும், அதுவும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில்தான் குளியல், எண்ணெய் தடவி நீவிவிடுவது, வாயைப் பெரிதாகத் திறந்து மூடும் பயிற்சி எல்லாம்.

2025 மார்ச் 28, தமிழ்ப் பரீட்சை. ஹால் டிக்கெட்டில் பழைய முகம். கண்காணிப்புக்கு வந்தவர் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினான். போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் போட்டோவைப் பார்த்தார். "நீதானாப்பா இது?" அப்பா பேர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அத்தனை பிள்ளைகள் முன்னால் கேட்டார். அவர் கடமை, புரிகிறது. வராண்டாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். எங்கள் மேலும் தப்பு உண்டு. டாக்டர் சீட்டோடு பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும், தோன்றவில்லை. அடுத்த பரீட்சைக்கு முன்னால் சொன்னோம். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் பரீட்சை முடிந்ததும் பையன் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டான்.

எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. தகரக் கூரை, போர்டுக்கு நேர் மேலே தொங்கும் ஒரு பல்பு. முன்பெல்லாம் சோறு தண்ணி மறந்து அங்கேயே கிடப்பான். அவன் வார்டில் இருந்த நவம்பரில்தான் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் ஜெயித்தார். கட்டுப் போட்ட முகத்தோடு அந்தச் செய்தியை என் போனில் மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டான்.

மே மாதம் கிளப் அண்ணன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா நைனா, கை நல்லாத்தானே கீது? நாலாவது ஆள் இல்லாம போர்டு சும்மா கெடக்குது."

மாஸ்க்கோடு போனான். பின்னாலேயே நானும் போய் வாசலில் நின்றேன். நாலு பேர் கண்ணும் காய் மேலேதான். அவன் முகத்தை ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, அது செல்ல அடுத்துப் போட வேண்டிய காயை, அதாவது ஃபாலோவை, இவன் கோட்டைவிட்டான். ஜோடியாக ஆடியவன், "டேய், கண்ணு எங்கடா வச்சிருக்க!" என்று கத்தினான். எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆறு மாதமாக அவனை யாருமே திட்டவில்லை. அம்மாகூட.

வியாசர்பாடியிலிருந்து பதில்:

அந்தத் திட்டுன இடத்தைப் படிச்சதும் அழுதுட்டேம்மா. எனக்கு 16 வயசுல ஸ்டவ் வெடிச்சுது, இப்ப 34. ஒரு தடவை பஸ்ல எதிர் சீட்டுக் கொழந்தை என்னையே பாத்துச்சு. அவங்க அம்மா பட்டுனு அதோட கண்ணைப் பொத்துனாங்க. பாத்தது வலிக்கல, பொத்தினதுதான் வலிச்சுது. "அடுப்புல சுட்டுக்கிச்சு கண்ணா, இப்ப வலிக்கல"ன்னு நானே சொன்னேன். கொழந்தை என் கன்னத்தைத் தொட்டுப் பாத்துட்டு, பிஸ்கட்டைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சு. கொழந்தை கேட்டா கேக்கட்டும், விட்டுடுங்க.

தம்பிக்கு மாஸ்க் ரெண்டு வாங்கிடுங்க. நம்ம ஊர் வேர்வைக்குத் தினம் தொவைச்சாத்தான் தாங்கும். வெயில்ல தொப்பி இல்லாம அனுப்பாதீங்க, புதுத் தோல் கறுத்துடும். ராத்திரி அரிப்பு எடுக்கும்போது சொறிய விடாம, ஈரத்துணி வச்சு ஒத்திவிடுங்க.

வண்ணாரப்பேட்டை அக்கா:

அக்கா, ரெண்டாவது மாஸ்க் வாங்கிவிட்டோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாஸ்க் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தை அவனே சாயங்காலம் ஆறுக்கு மாற்றிக்கொண்டான். வெயில் இறங்கியிருக்கும். 20 நிமிடத்தில் குளியலும் எண்ணெயும் பயிற்சியும் முடிந்துவிடும். மீதி 40 நிமிடம் வெறும் முகத்தோடு கிளப்பில்.

நேற்று ஏழேகால் ஆகியும் ஆளைக் காணோம். அம்மா கையில் மாஸ்க்கோடு கிளப் வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினாள். உள்ளேயிருந்து அவன் குரல்: "ஒரே ஒரு காய்தாம்மா!"