சானல் 16 எத்தனை மைல் போகும்?

திருமலையான்: "ஊருக்கு நாலு ஹாம் ரேடியோக்காரர் இருந்தால் கடலில் ஒரு படகும் காணாமல் போகாது" என்று நேற்று கேட்பவன் எழுதியிருந்தார். ஹாம் என்றால் உரிமம் எடுத்து, பொழுதுபோக்காக வீட்டிலிருந்து ரேடியோவில் கதைப்பவர். மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதுவது சுகம். நிலாவெளியில் ஒற்றை என்ஜின் ஃபைபர் படகு எத்தனையில் ரேடியோ இருக்கிறது? கைபேசியை பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

கேட்பவன்: நான் சொன்னது நாள்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாள் படகு. வாசித்துவிட்டு ஏசுங்கள். படகு ரேடியோவில் அவசரத்துக்குக் கூப்பிடும் சானல் 16ஐ நம்பிப் போனால் 17 கடல் மைலோடு சரி. கரையில் 30 மீட்டர் கோபுரம், படகில் 4 மீட்டர் ஆண்டெனா. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சம்மாட்டி: தம்பி, நான் 100 மைலில் இருந்து 16ல் கரையோடு கதைத்தவன்.

கேட்பவன்: பூமி உருண்டை, ஐயா. 16இன் அலை அநேகமாக நேராகத்தான் போகும்.

சம்மாட்டி: உருண்டையோ தட்டையோ, கதைத்தேன். சித்திரையில், காற்று விழுந்த நாள். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது.

கேட்பவன்: அதைத்தான் சொல்ல வருகிறேன். அப்படி நாளில் கடலுக்கு மேலே காற்று அடுக்கடுக்காகப் படிந்து, அலையைக் கீழே வளைத்துக்கொண்டே தூரத்துக்குக் கொண்டுபோகும். புயலில் அந்த அடுக்கு கலைந்துவிடும். 2020 டிசம்பரில் புரெவி வந்த இரவு உங்கள் 100 மைல் எங்கே போயிருக்கும்? 17தான்.

மூதூரான்: கோபுரத்தைக் கோணேசர் மலையில் கட்டினால்?

கேட்பவன்: 100 மீட்டர் உயரம் என்று வைத்தாலும் 27 மைல்.

திருமலையான்: இனி மலையையும் அளந்து குறைத்துவிட்டார். மூதூரானுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மூதூரான்: என்னை ஏன் இழுக்கிறீர்? கொட்டியாரக் குடாவில் தோணி விட்டவன் நான். உங்களைப்போல் கடற்கரை வீதியில் ஐஸ்கிறீம் குடித்து வளர்ந்தவன் இல்லை.

கேட்பவன்: பலநாள் படகில் எஸ்.எஸ்.பி. செட்டும் இருக்கிறது, தூரத்துக்குக் கதைக்கும் சிற்றலை ரேடியோ. அந்த அலை வானத்து அடுக்கில் முட்டித் திரும்பும். சில இரவுகளில் பக்கத்துத் துறைமுகத்துக்கு விழாத குரல் பல நூறு கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். அங்கே ஒருவன் காது கொடுத்திருந்தால் படகின் இடத்தைக் குறித்துக் கடற்படைக்குச் சொல்லலாம். 2004 சுனாமியில் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த இந்திய ஹாம் குழு இப்படித்தான் செய்தி கடத்தியது.

திருமலையான்: அது தீவில், தரையில் இருந்து. படகில் என்ஜின் நின்று பற்றரியும் இறங்கினால் எந்த வானத்தில் முட்டும்? அதற்குத்தான் தன் பற்றரியில் 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குக் கூப்பிடும் கருவி இருக்கிறது.

கேட்பவன்: அதற்கும் பற்றரிக்குக் காலாவதித் திகதி உண்டு. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

திருமலையான்: என்னிடம் படகு இல்லை.

கேட்பவன்: தெரிகிறது.

சம்மாட்டி: 100 மைல். பக்கத்துப் படகுக்காரனும் கேட்டான்.

கேட்பவன்: 17.

மூதூரான்: அந்தப் பக்கத்துப் படகுக்காரன் எனக்குச் சொந்தம். அவனுக்கு ஒரு காது கேளாது, சம்மாட்டி.