புதுப்பிப்பு: கெய்ன்ஸ் படகுப் பயணம் போய் வந்தாயிற்று

கையில் இருபது ஸ்கூபா டைவ்தான் (சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் மூழ்குவது), படகில் ஏறினாலே வாந்தி. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபில் நான்கு நாள் படகிலேயே தங்கி டைவ் செய்வது எனக்குச் சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரிப்பட்டது.

வாந்தி முதல் ராத்திரி மட்டும். மாத்திரையைக் கிளம்பும் முன்பே போடச் சொன்னீர்கள். நான் கிளம்பிய பிறகு போட்டேன். என் தப்பு.

ரிப்பன் ரீஃப் 10 என்ற திட்டின் வடமுனையில் காட் ஹோல் என்ற டைவ் இடம். மணலில் முட்டி போட்டுக் காத்திருந்தோம். கிட்டத்தட்ட ஆள் நீளத்துக்கு ஒரு பொட்டேட்டோ காட், நம்ம ஊர்க் களவா இனம்தான், நேராக என் முகமூடிக்கு முன் வந்து நின்றது. உடம்பெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி கரும்புள்ளிகள். கண் மட்டும் உருண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது, பெண் பார்க்க வந்த மாமியார் போல. பதற்றத்தில் காற்றை இழுத்துத் தள்ளிவிட்டேன். 35 நிமிடத்தில் சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பாருக்கு, அதாவது மேலே ஏற வேண்டிய அளவுக்கு, வந்துவிட்டது.

ஜூன் என்பதால் குட்டை மிங்கே திமிங்கிலங்களும் வந்தன. அதற்கு சிலிண்டர் கிடையாது, படகில் கட்டிய கயிற்றைப் பிடித்து மிதக்க வேண்டும். குளிர் நடுக்கிவிட்டது.

அப்புறம், கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. அன்று மாலைக்கே டிக்கெட் போட்டிருந்தேன். மாற்றிய காசுக்கு இன்னும் இரண்டு டைவ் செய்திருக்கலாம்.