பெரிய வீட்டுப் பங்காளிகள் குழு: ரெண்டு டிஸ்க்கும் ஒரு பெட்டகமும்

சொக்கு 7:42
பெரியப்பச்சி, 4 டிபி ஹார்ட் டிஸ்க் காரைக்குடியிலேயே கிடைச்சிருச்சு. பழைய 2 டிபியோட சேர்த்து ஒரே டிரைவா ஆக்கிடுறேன், 6 டிபி வரும். சாந்திக் கல்யாண வீடியோ, முன்னோருக்குப் படைக்கிற படைப்பு போட்டோ, பழைய ஏட்டு ஸ்கேன் எல்லாம் அதுலயே போட்டுரலாம்.

பெரியப்பச்சி 7:45
சந்தோசம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணுல இருக்கும்ல?

சொக்கு 7:45
இருக்கும் 👍

வள்ளி ஆச்சி 7:46
இருக்காது. சொக்கு, கையை எடு அதுல இருந்து.

வள்ளி ஆச்சி 7:49
6 டிபி வரணும்னா ரெண்டையும் ஒட்டணும். அப்ப ஒரு டிஸ்க் செத்தா மொத்தமும் போச்சு. பெரியப்பச்சி கேக்குறது மிரர், ஒண்ணுல எழுதுறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதுறது. அதுல சின்ன டிஸ்க் எவ்வளவோ அவ்வளவுதான் இடம், 2 டிபி. புதுசுல பாதி வீணா கிடக்கும்.

முத்தண்ணன் சிங்கப்பூர் 7:51
அதையும் விண்டோஸ் 1.81னுதான் காட்டும். கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதடா. டிஸ்க் செய்றவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024ஆ எண்ணுது. ஆச்சி சொல்ற மிரருக்குத்தான் ரெய்டு 1னு பேரு.

பெரியப்பச்சி 7:52
ரெய்டா? யாரு வீட்டுல?

அண்ணமுண்டி 7:52
😂😂😂

முத்தண்ணன் சிங்கப்பூர் 7:54
வருமான வரி இல்லை பெரியப்பச்சி. பல டிஸ்கை ஒண்ணாக் கட்டுற முறை. 1988ல பெர்க்லியில பாட்டர்சன், கிப்சன், கட்ஸ்னு மூணு பேரு கட்டுரை எழுதி வச்ச பேரு.

சொக்கு 8:03
ஆச்சி, விண்டோஸ்ல டிஸ்கைச் சேர்த்துக் கட்டுற ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் திறந்தேன். டூ-வே மிரர் இருக்கு, யுஎஸ்பி டிஸ்கையும் எடுத்துக்குது. ரெண்டையும் டிக் பண்ணினா ஏதோ எச்சரிக்கை வருது.

வள்ளி ஆச்சி 8:03
படிச்சியா?

சொக்கு 8:04
டிஸ்க்ல உள்ளது எல்லாம் அழிஞ்சிருமாம் 😶

பெரியப்பச்சி 8:04
தொடாதே. பழசுலதான் பர்மா மோல்மீன் கடை ஐந்தொகைக் கணக்கு இருக்கு.

சொக்கு 8:05
கேன்சல் பண்ணிட்டேன், சத்தியமா.

வள்ளி ஆச்சி 8:12
அழியாம மிரர் ஆக்க வழி இருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். யுஎஸ்பி ஒயர் லேசா ஆடினாப் போதும், ஒரு டிஸ்க் கழண்டுக்கும். அப்பறம் ரெண்டையும் மறுபடி ஒண்ணாக்க மணிக்கணக்கா ஓடும். அது போகட்டும். என் கதையைக் கேளுங்க. வெக்கக்கேடு, இதுவரைக்கும் சொல்லலை. விண்டோஸ்ல காப்பி எடுக்கிற ரோபோகாப்பியில மிர்னு (மிரர்) போட்டு, தினம் ராத்திரி ஒரு டிஸ்க் மாதிரியே இன்னொண்ணு ஆகுற மாதிரி வச்சிருந்தேன். ஒருநாள் பாப்பாவுக்குச் செஞ்ச திருவாதிரைப் புதுமைச் சடங்கு போட்டோ ஃபோல்டரைக் கைதவறி அழிச்சிட்டேன், கவனிக்கலை. ராத்திரி அது ஓடி, நகல்லயும் சுத்தமாத் துடைச்சு வச்சிருச்சு. நெத்தியில பொட்டை அழிச்சா கண்ணாடியில மட்டும் இருக்குமா? டிஸ்க் செத்தாத்தான் மிரர் காப்பாத்தும். நம்ம கை பண்ணுற தப்புக்கு ஒண்ணும் பண்ணாது. வைரஸ் வந்தாலும் அதே கதிதான்.

அண்ணமுண்டி 8:14
அடக் கடவுளே. அதான் புதுமை போட்டோ கேட்டப்பல்லாம் பேச்சை மாத்தினீகளா ஆச்சி?

முத்தண்ணன் சிங்கப்பூர் 8:15
இந்தக் குழுவுல வந்த 14 போட்டோ என் போன்ல இருக்கு. மங்கலாத்தான் இருக்கும். அனுப்புறேன்.

வள்ளி ஆச்சி 8:15
🙏 எத்தனை இருந்தாலும் அனுப்புங்கண்ணே

பெரியப்பச்சி 8:21
கல்யாணத்துல இசைகுடிமானம்னு ஒப்பந்தம் ரெண்டு எழுதி, மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணு, பொண்ணு வீட்டுல ஒண்ணு வைக்கிறோமே, அந்த மாதிரி இருக்கணும்ங்கிறியா? ஒரு வீட்டுல கரையான் அரிச்சாலும் சம்பந்தி வீட்டுல கிடக்கும்.

வள்ளி ஆச்சி 8:23
அதேதான் பெரியப்பச்சி! ரெண்டு டிஸ்கையும் ஒரே பெட்டகத்துல பூட்டினா, ஓடு ஒழுகுற அன்னைக்கு ரெண்டும் சேர்ந்து நனையும். சொக்கு, புதுசுல எல்லாத்தையும் காப்பி பண்ணு. சாந்தி வீடியோ நாலஞ்சைத் திறந்து ஓட்டிப் பாரு. பழசைக் கழட்டிச் சென்னைக்கு என்கிட்ட அனுப்பு. இனிமே புதுசாச் சேர்க்கிறது மட்டும்தான், தானா அழிக்கிற வேலையே கூடாது.

முத்தண்ணன் சிங்கப்பூர் 8:25
மூணாவதா நான் இங்க ஒண்ணு வாங்கிடுறேன். படைப்புக்கு வரும்போது எடுத்துட்டு வந்து ஏத்திக்கிறேன்.

அண்ணமுண்டி 8:26
அப்ப 4 டிபியில பாதி சும்மாத்தானே கிடக்கும்?

பெரியப்பச்சி 8:28
கிடக்காது. மேற்கு அறையில இன்னும் ரெண்டு பெட்டி ஏடு ஸ்கேன் பண்ணாமக் கிடக்கு. சாவி யாருகிட்ட இருக்குன்னுதான் தெரியலை. யாருகிட்ட இருக்கு?

பெரியப்பச்சி 8:40
கேட்டேனே

சொக்கு 8:52
காப்பி போட்டாச்சு. 11 மணி நேரம் காட்டுது.

பெரியப்பச்சி 8:55
கானாடுகாத்தான் பக்கம் இடி இடிக்குது. பிளக்கைப் பிடுங்கு.

சொக்கு 8:55
பாதியில பிடுங்கலாமா ஆச்சி??

வள்ளி ஆச்சி 8:56
லேப்டாப் சார்ஜரை மட்டும் பிடுங்கு. ரெண்டும் சின்ன டிஸ்க்தானே, லேப்டாப் கரண்டுலயே ஓடும். இடி நிக்கிற வரைக்கும் பேட்டரி தாங்கும்.

சொக்கு 8:57
பிடுங்கிட்டேன். ஓடுது.