ஊரில் கேமரா மாட்டுவதற்கு முன்னால்

குடியாத்தத்திலிருந்து இங்கே ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து இரண்டு வாரமான தம்பி ஒருவர், அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், கூடத்தில் எந்தக் கேமரா மாட்டலாம் என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டது, அதனால் தனியாகவே எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நானும் வந்த வருடமே காட்பாடி வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டினேன். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மத்தியானத்தில் ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுத்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். கேமரா வந்த பிறகு அவர் கூடத்தில் படுப்பதையே விட்டுவிட்டு, சமையலறையில் புழுக்கத்தில் படுத்திருக்கிறார். லீவில் போனபோது பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவைக் கேட்டால், "புடவை ஒதுங்கியிருந்தா என்ன பண்றது கண்ணு, நீ பாக்கறியோ, வேற யாரு பாக்கறாங்களோ" என்றார். அன்று சாயங்காலமே கழற்றி வாசல் கேட்டுக்கு மாற்றினோம். யார் வந்து மணியடிக்கிறார்கள் என்று உள்ளிருந்தே பார்க்க முடிவதில் அம்மாவுக்கு இப்போது நிம்மதிதான்.

காய்கறியிலும் இதே தவறைச் செய்தேன். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போவார். எதற்கு இந்த அலைச்சல் என்று நான் இங்கிருந்தே ஆப்பில் ஆர்டர் போட ஆரம்பித்தேன். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் காம்பு முள்ளைத் தொட்டுப் பார்த்தே அது இன்று பறித்ததா, நேற்றுப் பறித்ததா என்று சொல்லிவிடுவார் அவர். அப்புறம் பேரம், தெரிந்தவரோடு ஒரு டீ, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல ஊர்க்கதை. எல்லாம் நின்றது. ஆறு மாதத்தில் நடையும் தளர்ந்துவிட்டது. ஆர்டர் போடுவதை நிறுத்தியதும் அவரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இடுப்பு, முழங்கால் முடியாதவர்களுக்கு ஆப் வேண்டும்தான். முடிகிறவர்களின் வேலையைப் பிடுங்காதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லவில்லை. நைனா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பென்ஷனுக்காக நவம்பரில் தரவேண்டிய ஆயுள் சான்றிதழை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடுகிறார், வரிசையில் நிற்பது இல்லை. அதே போனில்தான் போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பணம் பிடுங்குகிறவர்களும் வருகிறார்கள். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது என்று பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. அதைக் காலண்டர் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பேசுவதைப் பற்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எல்லோரும் தலைசீவி வரிசையாக உட்கார்ந்து "சாப்ட்டியா?" என்று கேட்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். நான் இப்போது வெறும் குரல் அழைப்புதான். இங்கே நான் சமைப்பேன், அங்கே அம்மா அவரைக்காய் நறுக்குவார். சில நேரம் ஐந்து நிமிடம் இருவரும் பேசாமலே இருப்போம். மாமியார் வீட்டு வருத்தம், நைனாவின் சர்க்கரை அளவு எல்லாம் அந்த அமைதிக்குப் பிறகுதான் வெளியே வரும்.

இங்கே குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி, கோடையில் மூன்றரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மேல்விஷாரம், ஆம்பூர் பக்கமிருந்து துபாய், அபுதாபி போகிறவர்கள் கவனிக்க: அங்கே வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்பைப் பெற்றோர் போனிலும் போட்டுப் பழக்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.

தம்பி, முதலில் அம்மாவிடம் கேளுங்கள். வாசலுக்கு மட்டும் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்களுக்கு மாட்டிக்கொடுத்தவர் குடியாத்தத்துக்கும் வருவார்.