தோள்பை வார் சேலையில் சாயம் விடுகிறது, என்ன செய்ய?

தக்கலைக்காரன்

வணக்கம். ஒரு வருஷமாக லீவு நாளில் தோல் பை தைத்துக்கொண்டிருக்கிறேன், வீடியோ பார்த்துச் சொந்தமாகக் கற்றதுதான். இதுவரை 4 பர்ஸ், 2 பெல்ட், இப்போது முதல் தோள்பை. அதை மைனிக்குக் கொடுத்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு ஆராதனைக்குச் சந்தன நிறச் சேலை கட்டி அந்தப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது தோளிலிருந்து இடுப்பு வரை தவிட்டு நிறத்தில் ஒரு பட்டை, சீட் பெல்ட் போட்ட மாதிரி. மைனி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான் சொன்னான், நிறையச் சொன்னான்.

நான் செய்தது: 2 மி.மீ. தோல், ஸ்பிரிட் டை (ஸ்பிரிட்டில் கரைத்த தோல் சாயம்), பிரஷ்ஷால் 3 கோட், அரை மணிக்கு ஒரு கோட். கடைசியில் தேங்காய் எண்ணெய். சாயத்துக்கு மேலே பூசும் டாப் கோட் போட்டால் பிளாஸ்டிக் மாதிரி மினுங்குமே என்று போடவில்லை. எனக்குப் புரியாதது என்னவென்றால், பையின் மூடியை வெள்ளைத் துணியால் தேய்த்தால் லேசாகத்தான் ஒட்டுகிறது, வாரைத் தேய்த்தால் மட்டும் தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பாட்டில், ஒரே நாள்.

இன்னொன்று. பையைத் திருப்பி வாங்கி பாலிதீன் கவரில் கட்டி அலமாரியில் வைத்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

வடசேரி ஊசி

தம்பி, வாரும் பையும் ஒரே தோலில் வெட்டியதா? அதை முதலில் சொல்லு. வாரைக் கத்தியால் குறுக்கே ஒரு நூல் அளவு சீவி, வெட்டு வாயைப் பகல் வெளிச்சத்தில் பாரு. மேலே கீழே தவிட்டு நிறம், நடுவில் சாம்பலும் நீலமும் கலந்த கோடு தெரிந்தால் அது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. வெட்டு வாய் முழுக்க மரக்கட்டை நிறத்தில் இருந்தால் மரப்பட்டை போட்டுப் பதனிட்டது, கடைக்காரர்கள் வெஜ் டான் என்பார்கள்.

சாயம் போடாத துண்டு இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. வெஜ் டான் என்றால் குடித்துவிட்டு அந்த இடம் கறுக்கும். மேலே ஏற்கெனவே பூச்சு போட்ட தோல் என்றால் சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். அதில் நீ எத்தனை கோட் அடித்தாலும் சாயம் மேலாக உட்கார்ந்துகொண்டிருக்கும், வேர்வை பட்டதும் இறங்கி வந்துவிடும்.

தக்கலைக்காரன்

அண்ணே, பைக்கு வாங்கிய தோல் நீளம் பத்தவில்லை. வாருக்கு 120 செ.மீ. வேண்டியிருந்ததால் வேறு கடையில் தனியாக ஒரு துண்டு வாங்கினேன், ‘எல்லாம் ஒண்ணுதான், நல்ல தோல்’ என்று கொடுத்தார்கள். இப்போது சீவிப் பார்த்தேன். நடுவில் நீலக்கோடு இருக்கிறது. அன்றைக்கு வெட்டும்போதும் பார்த்தேன், குறி போட்ட பேனா மை இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வடசேரி ஊசி

பேனா மையா! சரி விடு, எனக்கும் முதல் வருஷம் இதே கதைதான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள், இப்போது பெரும்பாலும் குரோம். கடையில் சும்மா தோல் என்று கேட்டால் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள். குரோம் மோசமான தோல் இல்லை, மழைக்கு அதுதான் தாங்கும். ஆனால் வீட்டில் சாயம் போடவும், ஓரத்தைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கவும் ஆகாது.

வாரைக் கழற்றிப் போடு, 3 மி.மீ. வெஜ் டானில் புதுசு வெட்டு. பிரஷ்ஷை விடு, பழைய பனியன் துணியை உருண்டையாகக் கட்டித் தொட்டுக்கொள். ஸ்பிரிட் டையை அதற்குரிய தின்னரில் பாதிக்குப் பாதி கலக்கி, வட்டமாக ஒரு கோட், காய்ந்ததும் குறுக்கே ஒரு கோட். அரை மணி எல்லாம் பத்தாது. நம் ஊர் ஆனி ஆடிச் சாரலில் காற்றே ஈரம், நான் ஒரு நாள் முழுக்க விடுவேன், விடாமல் பெய்தால் இரண்டு நாள். அப்புறம்தான் முக்கியமான வேலை: காய்ந்த துணியால் தேய், தேய், துணியில் நிறம் வருவது நிற்கிற வரைக்கும் தேய். தோலுக்குள் போகாத தூள் மேலே நின்றிருக்கும், சேலையில் ஒட்டுவது அதுதான். உன் மூடியில் லேசாக ஒட்டுவதும் அதனால்தான், அதையும் இப்படியே தேய்த்து எடு. எண்ணெய் அதற்குப் பிறகு, ரொம்பக் கொஞ்சம். கடைசியில் அக்ரிலிக் ஃபினிஷைப் பாதி தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு தடவை. மினுங்குவது கெட்டியாகப் பூசினால்தான்.

குலசேகரம் அக்கா

பூஞ்சைக்கு நான் சொல்கிறேன். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் அலமாரி புழுங்கும். அதில் பாலிதீன் கவரில் கட்டினால் பூக்காமல் என்ன செய்யும்? வெளியே கொண்டு போய் முதலில் காய்ந்த துணியால் துடை, வீட்டுக்குள் தட்டாதே, பறந்து மற்ற தோலிலும் ஒட்டும். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியை நனைத்து இறுகப் பிழிந்து ஒற்றி எடு. நிழலில் காற்றாட வை. வெயிலில் போட்டால் அப்பளம்தான். இனிமேல் பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு வை.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், எங்கள் அப்பா செருப்புக்கு ஆயுசுக்கும் அதைத்தான் போட்டார். அது தினம் காற்று படுகிற செருப்பு. பையில் நிறைய ஊற்றினால் தோல் தொளதொளத்துப் போகும், நாள்பட்டால் சிக்கு நாற்றமும் வரும். மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறவர்களிடம் கேட்டால் தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு எண்ணெய், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணம் வைத்து உருக்கு, நேரடியாக அடுப்பில் வைக்காதே. ஆறினால் தைலம் மாதிரி உறையும். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்தால் போதும்.

பக்கிள் என்ன போட்டாய்? முலாம் பூசிய இரும்பு என்றால் கடல் காற்றில் துரு பிடிக்கும். ஈரத்தில் அந்த இரும்பு வெஜ் டானைத் தொட்ட இடமெல்லாம் கறுப்புப் பொட்டு விழும், அப்புறம் போகாது. கெட்டிப் பித்தளை வாங்கு.

கொளச்சல் கறுப்பு

அக்கா சொன்ன அந்தக் கறுப்புப் பொட்டைத்தான் நான் வேண்டுமென்றே பண்ணுகிறேன், கறுப்புப் பைக்குச் சாயமே வாங்குவதில்லை. துருப்பிடித்த ஆணியை வினிகரில் போட்டு ஒரு வாரம் பத்து நாள் விடுவேன். மூடியை இறுக்கக் கூடாது மக்கா, உள்ளே வாயு வரும். வடிகட்டி வெஜ் டானில் தடவினால் முதலில் சாம்பல் நிறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். தோலில் இருக்கிற பட்டைச் சத்தும் இரும்பும் சேர்ந்து வருகிற நிறம் அது, இழைக்குள்ளேயே உண்டாவதால் சேலையில் ஒட்டாது. கறுப்பு போதவில்லை என்றால் முதலில் கட்டன் சாயா, பால் விடாத தேயிலை, நல்ல கடுப்பமாகப் போட்டு ஆறவைத்துத் தடவு. முடிந்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடை, புளிப்பு தோலில் நின்றால் பின்னால் பொடியும். அப்புறம் அக்காவின் மெழுகு. குரோம் தோலில் இது பலிக்காது.

தக்கலைக்காரன்

அண்ணே, வீட்டில் ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் இருக்கிறது, வினிகருக்குப் பதில் அது ஆகுமா?

கொளச்சல் கறுப்பு

ஆகாது, தொடாதே. அது பார்மிக் ஆசிட், கை வெந்துபோகும். கடையில் விற்கிற சமையல் வினிகர் போதும்.

தக்கலைக்காரன்

சரி, தொடவில்லை. பூஞ்சை போய்விட்டது அக்கா. பையை வராந்தாக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். வாரைக் கழற்றியாயிற்று. மைனியிடம் கேட்டேன், புது வார் கறுப்பில் வேண்டுமாம். சேலைக் கணக்கு தனியாம்.

வடசேரி ஊசி

கொள்ளாம். ஆனால் வாரை முடித்ததும் உடனே கொண்டு கொடுத்துவிடாதே. உன் வெள்ளை பனியனுக்கு மேலே மாட்டிக்கொண்டு இரண்டு நாள் சந்தைக்கு நட, வேர்க்க வேர்க்க.